வெள்ளைக்காரர்களின் வியட்நாம் காதல்

வியட்நாமின் சைகோன் நகரில் வேலை பார்க்கும் நம்மவர்கள் நாலு பேர் கூடினால் ஒரு கிண்டல் கட்டாயம் உண்டு. வந்து மூன்று மாதம்கூட ஆகாத வெள்ளைக்காரர் ஒருவர், நடைபாதையில் பிளாஸ்டிக் முக்காலி போட்டு ஃபோ என்ற எலும்புச்சாற்று நூடுல்ஸ் சாப்பிடும் படத்தைப் பதிவிட்டு, வாழ்க்கை என்றால் என்ன என்று இங்கே வந்துதான் புரிந்தது என்று எழுதியிருப்பார். உடனே சிரிப்பு ஆரம்பித்துவிடும். அந்தச் சிரிப்பில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதி, நாம் சரியாகப் பார்க்காததால் வருவது.

நியாயமான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். மலிவு, எப்போதும் சிரிக்கும் மக்கள், எளிமை. இந்த மூன்றைத் தாண்டாத பாராட்டில் எனக்கு மரியாதை இல்லை. சைகோனில் தாவ் தியென், தலைநகர் ஹனோயில் மேற்கு ஏரிக்கரை என்று அவர்களுக்கென்றே அமைந்த பகுதிகள் உண்டு. ரொட்டிக்கடை, யோகா வகுப்பு, பன்னாட்டுப் பள்ளி எல்லாம் அங்கேயே கிடைக்கும். அதற்குள்ளேயே சுற்றிவிட்டு ஊரைப் புகழ்கிறவர், உண்மையில் தன் சம்பளம் அந்த ஊரில் எவ்வளவு தூரம் செல்கிறது என்பதைத்தான் புகழ்கிறார். ஆங்கிலப் பயிற்சி மையங்களில் வெள்ளை முகத்துக்கு இருக்கும் கிராக்கியைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அங்கே நேர்காணலுக்குப் போன நம்மவர்களைக் கேளுங்கள்.

2023 ஆகஸ்டிலிருந்து எந்த நாட்டுக்காரரும் இணையத்தில் விண்ணப்பித்து 90 நாள் விசா வாங்கலாம். நல்ல விஷயம்தான். எதிர்த்திசையில் போகிறவர்கள் கதை வேறு. 2019 அக்டோபரில் இங்கிலாந்தின் எசெக்ஸில் ஒரு லாரியின் குளிர்பதனப் பெட்டிக்குள் 39 வியட்நாமியர் மூச்சுமுட்டி இறந்து கிடந்தார்கள். பெரும்பாலோர் நாட்டின் நடுப்பகுதியிலுள்ள ஙே ஆன், ஹா தின் மாகாணங்களைச் சேர்ந்தவர்கள். பிள்ளையை அனுப்பக் கடன் வாங்கிய குடும்பங்கள். எளிமையான கிராம வாழ்க்கை என்று யாராவது உருகி எழுதும்போதெல்லாம் எனக்கு அந்த லாரிதான் ஞாபகத்துக்கு வருகிறது.

அப்புறம் இந்த 'பிரெஞ்சு அழகு' பேச்சு. காபியும் ரொட்டியும் அந்த நாட்டை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்தவைதான், மறுக்கவில்லை. ரப்பர் தோட்டங்களில் கூலிகள் செத்துமடிந்ததும் அதே ஆட்சியில்தான். ரொட்டிக்குள் பன்றிக்கறியும் ஊறுகாய் கேரட்டும் கொத்தமல்லியும் மிளகாயும் வைத்து அதை 'பான் மி' ஆக்கியவர்கள் வியட்நாமியர்கள். காபியும் அப்படித்தான். புதுப் பால் எளிதில் கிடைக்காத ஊரில் டின் பாலை ஊற்றிக் குடித்துப் பழகினார்கள். 1946இல் ஹனோயில் பாலுக்குத் தட்டுப்பாடு. மெட்ரோபோல் ஹோட்டலில் வேலை பார்த்த நுயென் வான் ஸாங், முட்டை மஞ்சள்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்துக் காபியின் மேல் போட்டார். அவர் பெயரில் உள்ள கடையில் இன்றும் அந்த முட்டைக் காபி கிடைக்கிறது. வாடை அடிக்குமோ என்று பயப்படாதீர்கள், அடிக்காது. இன்று உலகக் காபி உற்பத்தியில் பிரேசிலுக்கு அடுத்த இடம் வியட்நாமுக்கு.

காலனிக் கணக்கில் நமக்கும் ஒரு பக்கம் உண்டு. செட்டியார்கள் சைகோனில் வட்டிக்கடை வைத்திருந்தார்கள். தெற்கே மேகோங் ஆற்றுப் படுகை விவசாயிகளின் நெல்வயல்கள் அந்தக் கடனில் சிக்கிய கதையை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் மாரியம்மன் கோயிலைப் பற்றி மட்டும் பெருமையாகப் பேசுவோம். இப்போது அங்கே கும்பிட வருகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள். சுவரில் நெற்றியை வைத்து ஆத்தாளிடம் வேண்டிக்கொண்டு போகிறார்கள்.

சரி, மீதிப் பாதிக்கு வருகிறேன்.

நான் குடியிருந்த சந்தில் ஒரு ஸ்காட்லாந்துக்காரர் இருந்தார். உள்ளூர்ப் பெண்ணைக் கட்டியவர். சைகோன் சந்துகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கதவு எண்ணே சாய்கோடு போட்டுப் போட்டு நீளும், சந்துக்குள் சந்து, அதற்குள் இன்னொரு சந்து. இரண்டு மோட்டார் சைக்கிள் எதிரெதிரே வந்தால் ஒன்று ஓரம் கட்ட வேண்டும். எல்லா வீட்டுக் கதவும் திறந்தே கிடக்கும். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் சந்தே படுத்துவிடும். வாடகை வண்டிக்காரர் தன் வண்டி மேலேயே மல்லாந்து தூங்குவார்.

வந்த புதிதில் அவருக்குப் பெரிய எரிச்சல் எதிலென்றால், பார்க்கிறவர்கள் எல்லாம் வயது என்ன, சம்பளம் எவ்வளவு, குழந்தை ஏன் இல்லை என்று கேட்டதில். வயது தெரியாமல் அங்கே ஒருவரைக் கூப்பிடவே முடியாது. அண்ணனா, தம்பியா, சித்தப்பாவா என்று முதலில் முடிவாக வேண்டும். நமக்கு இதில் என்ன புதுமை இருக்கிறது? ஆனால் அறைக் கதவைத் தட்டிவிட்டுத்தான் அம்மாவே உள்ளே வர வேண்டும் என்று வளர்ந்தவருக்கு, தெருவில் ஓர் உறவுமுறையை ஏற்றுக்கொள்வது சின்ன விஷயமில்லை. முறை வந்தால் கடமையும் கூடவே வரும். மாமனார் வீட்டில் தாத்தாவின் திதி என்றால் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு நாற்காலி அடுக்க வேண்டும். டெட் புத்தாண்டுக்குக் குழந்தைகளுக்குச் சிவப்பு உறையில் காசு வைத்துக் கொடுக்க வேண்டும். அன்று காலை அழைக்காமல் யார் வீட்டு வாசலையும் மிதிக்கக் கூடாது. ஆண்டின் முதல் விருந்தாளி எப்படியோ அந்த வீட்டுக்கு ஆண்டும் அப்படி என்று நம்பி, ராசி பார்த்து ஆளைச் சொல்லிவைத்திருப்பார்கள். இதையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே செய்தார் அவர். அந்த முணுமுணுப்பைப் பார்த்துத்தான் நான் அவரை நம்பினேன். நம் வீட்டு மருமகன்களும் அப்படித்தானே!

இப்படி இறங்கி வாழ்ந்தவர்கள் வேறு பலரும் உண்டு. கனடாவிலிருந்து வந்த ஜோ ருவெல், வியட்நாமிய மொழியிலேயே நகைச்சுவையாக வலைப்பதிவு எழுதினார். உள்ளூர் இளைஞர்கள் விழுந்து விழுந்து படித்தார்கள். வடக்கு உச்சரிப்பில், சொல்லின் பொருளையே மாற்றும் ஆறு தொனி உள்ள மொழியில் நகைச்சுவை எழுதுவது விளையாட்டா? சக் சியர்சி என்ற அமெரிக்கர் போர்க்காலத்தில் ராணுவ உளவுப் பிரிவில் சைகோனில் இருந்தவர். 1995இல் திரும்பிவந்து ஹனோயில் குடியேறினார். குவாங் ட்ரி மாகாணத்தில் வெடிக்காமல் மண்ணில் கிடக்கும் குண்டுகளை அகற்றும் அமைப்பை 2001இல் தொடங்கியவர்களில் ஒருவர். பாராட்டு என்றால் இதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. வெள்ளைக்காரர்கள் ரசிக்கும் நடைபாதை வாழ்க்கை யாருடையது? 2016 மே மாதம் ஒபாமாவும், சமையல் நிகழ்ச்சிகளால் புகழ்பெற்ற அமெரிக்கர் ஆண்டனி போர்டேனும் ஹனோயில் ஒரு சாதாரணக் கடையில் பூன் சா (சுட்ட பன்றிக்கறியும் அரிசி நூடுல்ஸும்) சாப்பிட்டார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஆறு டாலர், கொடுத்தவர் போர்டேன். அந்த மேசையைக் கண்ணாடிக்குள் வைத்து இன்றும் பாதுகாக்கிறார்கள். அடுத்த ஆண்டே சைகோனின் முதல் மாவட்டத்தைக் 'குட்டி சிங்கப்பூர்' ஆக்குகிறோம் என்று அதிகாரிகள் கிளம்பி, நடைபாதைக் கடைகளைத் துரத்தினார்கள். முக்காலியை அள்ளிக்கொண்டு ஓடியவர்களை யாரும் கண்ணாடிக்குள் வைக்கவில்லை. அந்த முக்காலியில் உட்கார்ந்து படம் போடுகிறவர், கடைக்காரம்மா எந்த ஊரிலிருந்து வந்தார், எத்தனை மணிக்கு எலும்பை அடுப்பில் ஏற்றுகிறார் என்றாவது கேட்கலாம். கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நாம் அங்கே போனால் பெரும்பாலும் அதைக்கூடக் கேட்பதில்லை, சைவச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்றுதான் கேட்கிறோம்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அந்த ஊரின் ரசிகர் யாரையும் நான் நம்பத் தயாரில்லை. ராத்திரி பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சக்கரம் வைத்த ஸ்பீக்கரை வாசலுக்கு இழுத்துவந்து கரோக்கே பாட ஆரம்பிப்பதையும் ரசிக்கிறேன் என்று எவராவது சொன்னால், அவர் இன்னும் ஹோட்டலில்தான் தங்கியிருக்கிறார்.