வீட்டுக்கு வர 72 மணித்தியாலம் போதாது

நேற்றுக் காலை 11 மணிக்கு எங்கள் மோட்டர்ஹோமின், அதாவது படுக்கையும் குசினியும் உள்ளேயே உள்ள பெரிய வண்டியின், வைப்பருக்கு அடியில் நகராட்சிக்காரர் ஒரு மஞ்சள் கடுதாசியைச் செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். கதவைத் தட்டவில்லை. பெல் அடிக்கவில்லை. நான் குசினியில்தான் நின்றேன், ஜன்னலால் எட்டிப் பார்த்தால் முகம் தெரிகிற தூரம். 72 மணித்தியாலத்துக்குள் வண்டியை ட்ரைவ்வேயிலிருந்து எடுக்க வேண்டுமாம். எடுக்காவிட்டால் தண்டம். அதற்குப் பிறகும் நின்றால் இழுத்துக்கொண்டு போவார்களாம், அந்தச் செலவும் எங்கள் தலையில்.

குளிர்காலத்தைத் தெற்கே கழித்துவிட்டு நாங்கள் வந்து சேர்ந்தது ஏப்ரல் 5 இரவு. புளோரிடாவிலிருந்து ஒன்ராறியோவுக்கு 2,000 கிலோமீற்றருக்கு மேல். ஐ-75 வீதியில் ஜோர்ஜியா, ரெனசி, கென்ரக்கி, ஒஹாயோ என்று நாலு நாள் ஓட்டம். ஜெலிக்கோ மலையில் காற்று 31 அடி வண்டியைப் பக்கவாட்டில் தள்ளத் தள்ள, இவர் ஸ்ரேரிங்கை இறுக்கிப் பிடித்த பிடியில் மறுநாள் கை விரல் மடங்கவில்லை. இவருக்கு 69 வயது, எனக்கு 66. வந்து ஒன்றரை நாள்தான். அதற்குள் மஞ்சள் கடுதாசி.

இந்த நகராட்சியின் சட்டத்தைக் கேளுங்கள். மே 1 முதல் ஒக்டோபர் 31 வரை சொந்த ட்ரைவ்வேயில் வண்டியை வைக்கலாம். ஆறு மாதமும் ஒருவரும் ஒரு சொல் சொல்ல மாட்டார்கள். மற்ற ஆறு மாதமும் கூடாது, ஏப்ரலும் அதற்குள். ஏப்ரலில்தானே ஐயா எல்லாரும் திரும்பி வருகிறோம்! குளிருக்குப் பயந்து தெற்கே போனவன் எப்போது வருவான் என்று இந்தச் சட்டத்தை எழுதியவர்களில் ஒருத்தருக்காவது யோசனை ஓடவில்லையா?

"அப்ப மே மாதம் வந்திருக்கலாமே" என்று அடுத்த தெருக்காரி சொல்கிறா. வந்திருக்கலாமா? எங்களைப் போன்ற ஆக்களின் சீவியமே நாள் எண்ணுகிற சீவியம். அமெரிக்காவில் பொதுவாக ஆறு மாதம்தான் விடுவார்கள். எல்லை தாண்டிப் போன நாளும் ஒரு நாள், திரும்பிய நாளும் ஒரு நாள். 12 மாதத்துக்குள் 212 நாளுக்கு மேல் மாகாணத்துக்கு வெளியே நின்றால் ஓஹிப் மருத்துவக் காப்புறுதி கையை விட்டுப் போய்விடும். அதோடு வரிக் கணக்கு: இந்த வருசத்து நாள் முழுதாக, போன வருசத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்தினதில் ஆறில் ஒரு பங்கு. நாங்கள் வருசம் 168 நாள் நிற்கிறோம். கூட்டிப் பாருங்கள், 168, 56, 28, மொத்தம் 252. 183 வந்தாலே அமெரிக்க வரிக்காரர் எங்களைத் தங்கள் ஆக்களாக எண்ணுவார்கள், இது அதைத் தாண்டுகிறதே! அதனால் ஒவ்வொரு வருசமும் 8840 என்ற படிவத்தை நிரப்பி, எங்கள் வீடு வாசல் கனடாவில்தான் என்று அமெரிக்க வரிக்காரருக்குச் சொல்ல வேண்டும். போதாததற்கு 2025 ஏப்ரல் 11 முதல், தரைவழியாக அமெரிக்காவுக்குப் போய் 30 நாளோ அதற்கு மேலோ நிற்கிறவர்களுக்குப் பதிவு வேறு. இத்தனையையும் ஒரு கொப்பியில் எழுதி எழுதி வைத்திருக்கிறேன், ஒரு நாள் பிசகவில்லை. ஆறு மாதத்தின் கடைசி நாள் வரைக்கும் இழுத்து வைத்துவிட்டு வழியில் ரயர் வெடித்தால் யார் பொறுப்பு?

எங்கள் வீட்டுக் காப்புறுதிக்காரருக்கும் ஒரு நாள் கணக்கு உண்டு. குளிர்காலத்தில் 4 நாளுக்கு மேல் வீட்டில் ஆள் இல்லாமல் குழாய் உறைந்து வெடித்தால் காசு இல்லை, தண்ணீரை அடைத்துக் குழாயை வடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் யாராவது வந்து பார்த்திருக்க வேண்டும். நாங்கள் இரண்டும் செய்தோம். மெயின் வால்வை அடைத்துவிட்டுத்தான் போனோம், தம்பியின் மகன் பனிக்குள் வந்து வந்து பார்த்தான். எல்லாருடைய நாளையும் நாங்கள் மதித்து எண்ணுகிறோம். எங்கள் ஒரு மாதத்தை ஒருவரும் எண்ணத் தயாரில்லை.

72 மணித்தியாலம் காணாதா என்று கேட்பவர்கள் ஒருமுறை வந்து பாருங்கள். ஐந்தரை மாதம் பூட்டிக் கிடந்த வீடு. கதவைத் திறந்தவுடன் சாக்கடை நாற்றம், குளியலறை வடிகாலுக்குள் தண்ணீர் வற்றிப்போனால் அந்த வாயு மேலே வரும். வால்வை ஒரேயடியாகத் திறக்க முடியாது. நான் கீழே பேஸ்மென்ரில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருக, இவர் மேலே நின்று ஒவ்வொரு மூட்டாகக் கையால் தடவிப் பார்த்தார், ஈரம் இருக்கிறதா என்று. கார் பற்றரி செத்துப் போயிருந்தது. தபால் ஒரு சாக்கு.

வெளியே நிற்கிற வண்டியோ இன்னொரு வீடு. நேற்றிரவு மைனஸ் 6. தெற்கில் தண்ணீர் ஓடிய குழாய்கள் அதற்குள் இருக்கின்றன, ஒரே இரவில் வெடித்துவிடும். வந்த இரவே, கோட்டைக்கூடக் கழற்றாமல், இவர் ரோச் லைற்றோடு குனிந்து தொட்டியை வடித்து, ஹீற்றருக்குள் போகாமல் சுற்றிப் போகும்படி வால்வைத் திருப்பி, அந்தப் பிங்க் நிற அன்ரிஃபிறீஸை, குளிரில் குழாயை வெடிக்க விடாத திரவத்தை, பம்பில் ஏற்றினார். நான் உள்ளே ஒவ்வொரு பைப்பாகத் திறந்து, பிங்க் வருகிறதா என்று காத்து நின்றேன். முதலில் காற்றுத் துப்பியது, பிறகு தெளிந்த தண்ணீர், கடைசியில் இளஞ்சிவப்பு. அதைப் பார்த்த பிறகுதான் படுத்தோம், இரவு 1 மணி. அதற்குப் பிறகு வண்டியில் தண்ணீர் விட்டுக் கழுவ முடியாது. வாளியில் வீட்டிலிருந்து கொண்டுபோய்த்தான் துடைக்கிறேன்.

எங்கே கொண்டுபோய் விடுவது? வண்டிகளைக் காசுக்கு நிறுத்தி வைக்கிற மூன்று யார்ட்டுக்கு போன் பண்ணினேன். ஒன்றில் இடமில்லை. மற்றதில் பனி உருகி நிலம் சேறு, பாரமான வண்டி புதையும், மே மாதம் வா என்றார்கள். மூன்றாவது 40 கிலோமீற்றர் தள்ளி, ஒரு வருசத்துக் காசை மொத்தமாகக் கட்டினால்தான் படலையைத் திறப்பார்களாம். மூன்று வாரத்துக்கு ஒரு வருசக் காசு! இப்படி வண்டிகளோடு போய்த் தங்கிற சுற்றுலா முகாம்களைக் கேட்டால் அவையும் மே மாதம்தான் திறக்குமாம். தெருவில் விட்டால் அதற்கு வேறு தண்டம்.

நகராட்சிக்கு எடுத்தேன். இருபது நிமிடம் பாட்டுப் போட்டுவிட்டு வந்த பிள்ளை மரியாதையாகத்தான் கதைத்தது. "முறைப்பாடு வந்தால் நாங்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும், அம்மா" என்றது. முறைப்பாடு கொடுத்தது யார் என்று சொல்ல மாட்டார்கள். யாராக இருந்தாலும் சொல்கிறேன், 22 வருசம் இந்தத் தெருவில் இருக்கிறேன். என் வாசலுக்கு வந்து "எப்ப எடுப்பியள்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், தேத்தண்ணி ஊற்றித் தந்து விளங்கப்படுத்தியிருப்பேன். வண்டி நடைபாதையை மறைக்கவில்லை, ஒருவருடைய வெளிச்சத்தையும் மறைக்கவில்லை. நான் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

திரும்பி வருகிறவர்களுக்கு ஏப்ரலில் ஒரு அனுமதிக் கடுதாசி கொடுங்கள், அதற்குக் காசு கேட்டாலும் கட்டுகிறேன் என்று எங்கள் கவுன்சிலருக்கு இன்று எழுதிவிட்டேன். இன்னும் பதில் இல்லை.

கெடு முடிவது 10ஆம் திகதி காலை 11 மணிக்கு. அன்று 10 மணிக்கு இவருக்குக் கண் டொக்டரிடம் அப்பொயின்ட்மென்ட், எட்டு மாதம் காத்திருந்து கிடைத்தது. மே வரை நிற்காமல் ஓடி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். சொட்டு மருந்து விட்டால் பின்னேரம் வரை இவரால் ஒன்றும் ஓட்ட முடியாது. அந்த வண்டியை ஓட்ட எனக்குத் தெரியாது. அரை மூட்டை அரிசியும் கிரைண்டரும் குளிர் உடுப்பும் இன்னும் உள்ளேதான் கிடக்கின்றன.