மெக்கானிக்கும் ஓட்டக்கூடிய ஒரு பந்தயம் வேண்டும்

கடந்த பருவத்தில் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஒரு பழைய மாருதி எஸ்டீம் காரைக் களமிறக்கிய ஐவர் அணியில் நானும் ஒருவன். காரை ஓட்டியவர் என் கல்லூரி நண்பர். டயரில் காற்றழுத்தம் பார்ப்பது, லேப் நேரம் (தடத்தை ஒருமுறை வலம்வர ஆகும் நேரம்) குறிப்பது, வரவு செலவு எழுதுவது, பந்தய நாளன்று ஐந்து பேருக்கும் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போவது ஆகியவை என் பொறுப்புகள். நான்கு சுற்றுகள், சுற்றுக்கு இரண்டு பந்தயங்கள் என மொத்தம் எட்டில் ஆறை முடித்தோம். எங்களுக்குக் கிடைத்த சிறந்த இடம் ஐந்தாவது. கோப்பை ஏதும் வரவில்லை. கணக்கு நோட்டை முடித்துவைத்த அன்று மனத்தில் பட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கார்ப் பந்தயம் பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு என்று சொல்பவர்களிடம் முன்பெல்லாம் சண்டைக்குப் போவேன். இப்போது போவதில்லை, ஏனென்றால் நோட்டு என் கையில்தான் இருக்கிறது. ஆனால் பணம் எங்கே போகிறது என்பதில் பலருக்கும் தவறான எண்ணம் இருக்கிறது. எங்கள் செலவில் கார் வாங்கிய தொகை மிகச் சிறியது. இருக்கைகள், தரைவிரிப்பு, ஏசி எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, கார் கவிழ்ந்தாலும் நசுங்காமல் காக்கும் ரோல் கேஜ் என்ற இரும்புக் கூண்டு, ஆறுமுனை இருக்கைப் பட்டை, தீயணைப்பான், தீப்பிடிக்காத உடை, ஹெல்மெட், கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவி என்று ஒவ்வொன்றாக வாங்கி முடித்தபோது, உள்ளே உட்காருபவரைக் காப்பாற்றும் பொருள்களின் விலை காரின் விலையைத் தாண்டியிருந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. அந்தச் செலவில் கைவைக்கச் சொல்பவர் பந்தயத்தின் பக்கமே வரக்கூடாது.

வருத்தம் மற்ற செலவுகளில்தான். முன்சக்கரங்களால் இயங்கும் காரில், இழுப்பதும் திருப்புவதும் பெரும்பகுதி பிரேக் பிடிப்பதும் அதே இரண்டு டயர்களின் வேலை. கடிகாரச் சுற்றில் ஓடும் தடத்தில் வலப்பக்கத் திருப்பங்கள் அதிகம் என்பதால், எடை இடப்பக்கம் சாய்ந்து, இடது முன்டயர் மற்ற மூன்றுக்கும் முன்பாகவே தேய்ந்து உயிரை விட்டுவிடுகிறது. அதை இடம் மாற்றி மாற்றிப் போட்டுச் சமாளிக்கலாம்தான். ஆனால் பக்கத்தில் நிற்கும் அணி புது டயரோடு வரும்போது, நம் ஓட்டுநர் எவ்வளவு திறமையாக ஓட்டினாலும் லேப்புக்கு ஒரு விநாடியை முதலிலேயே கொடுத்துவிட்டுத்தான் தொடங்குகிறார். பயிற்சிக்குத் தடத்தை வாடகைக்கு எடுக்க வேண்டும். பந்தயக் காரைச் சாலையில் ஓட்டிச் செல்ல முடியாது என்பதால் ஒவ்வொரு முறையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். சாதாரண மோட்டார் காப்பீடு பந்தயத்தில் நேரும் சேதத்துக்குச் செல்லாது என்பதால் கார் எங்காவது இடித்தால் முழுச் செலவும் நம் தலையில்.

இவ்வளவுக்கும் கிடைப்பது என்ன? தடத்தின் நீளம் 3.7 கிலோமீட்டர், பந்தயம் பத்து லேப். கூட்டிப் பார்த்தால் சென்னையிலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்குப் போகும் தூரம்தான். இருபது நிமிடச் சொச்சத்தில் முடிந்துவிடும் அந்த ஓட்டத்துக்காக ஐந்து பேர் ஒரு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைக்கிறோம். அதிலும் ஓட்டும் பேறு ஒருவருக்கு மட்டுமே.

இரண்டாம் சுற்றில் நடந்ததைச் சொன்னால் நான் எங்கே வருகிறேன் என்பது புரியும். முதல் பந்தயத்தின் ஆறாவது லேப்பில் பிரேக் மிதி தரையைத் தொட்டுவிட்டது. நண்பர் கியரைக் குறைத்துக் குறைத்து, திருப்பத்துக்கு வெளியே மண்ணில் இறக்கிக் காரை நிறுத்தினார். காருக்கும் அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இழுத்து வந்த காரின் பேனட்டைத் திறக்கும் முன்பே எங்கள் மெக்கானிக் அண்ணன் என்னைப் பார்த்து, "தம்பி, ஃப்ளூயிடு எப்ப மாத்துனது?" என்றார். மாற்றவில்லை. முந்தைய சுற்றில் ஊற்றியதே போதும் என்று நான்தான் மிச்சம் பிடித்திருந்தேன். மிதியின் விசையைச் சக்கரங்களுக்குக் கடத்தும் திரவமான பிரேக் ஃப்ளூயிடு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரையிலாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். சென்னையின் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? கொதித்த ஃப்ளூயிடில் ஆவிக் குமிழிகள் உண்டாகி, மிதித்த விசையெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே வீணாகிப் போயிருக்கிறது. சில நூறு ரூபாய்க்காக ஒரு மனிதரின் உயிரோடு விளையாடியிருக்கிறேன் என்ற எண்ணம் இன்றும் என்னை உறுத்துகிறது. அண்ணன் ஒரு சொல்கூடத் திட்டவில்லை. பிற்பகலுக்குள் நான்கு சக்கரங்களிலும் பழையதை வெளியேற்றி, புதியதை நிரப்பி, பிரேக் குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றிக் கொடுத்தார். இரண்டாம் பந்தயத்தில்தான் அந்த ஐந்தாம் இடம் வந்தது.

அந்த அண்ணன் வார நாள்களில் அம்பத்தூரில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறார். காரின் சத்தத்தை வைத்தே எந்த கியரில் எத்தனை சுழற்சியில் ஓடுகிறது என்று சொல்லிவிடுவார். பயிற்சி நாளொன்றில் சோதனைக்காக அவரை மூன்று லேப் ஓட்டச் சொன்னோம். மூன்றாவது லேப்பில், எட்டு பந்தயம் ஓட்டிய எங்கள் நண்பரைவிட ஒன்றரை விநாடிதான் பின்தங்கியிருந்தார். அவர் பந்தயத்தில் ஓட்டியதில்லை. இன்றிருக்கும் அமைப்பில் ஓட்டப்போவதுமில்லை. உரிமம், நுழைவுக் கட்டணம், டயர் எல்லாவற்றையும் ஒருவராகத் தாங்க அவருடைய சம்பளம் போதாது.

அதனால் நான் கேட்பது இதுதான்: ஒரே காரை மூன்று, நான்கு பேர் மாறி மாறி ஓட்டும், சில மணி நேரம் நீளும், மலிவான ஒரு பந்தயப் பிரிவு நமக்கு வேண்டும். காரின் விலைக்கு உச்சவரம்பு இருக்கட்டும், பாதுகாப்புப் பொருள்களை அதில் சேர்க்க வேண்டாம். கடையில் கிடைக்கும் சாதாரண சாலை டயர், ஒரு காருக்கு ஒரே ஒரு செட். செலவை நான்காகப் பங்கிட்டால் பட்டறைத் தொழிலாளிக்கும் எட்டும். ஓட்டும் நேரமும் ஆளுக்கு இன்றைக்குக் கிடைப்பதைவிடக் கூடும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவில் 2006இல் தொடங்கிய 'லெமன்ஸ்' பந்தயத்தின் விதி, கார் 500 டாலருக்குள் இருக்க வேண்டும் என்பது. பிரான்சில் 24 மணி நேரம் ஓடும் புகழ்பெற்ற லெ மான் பந்தயத்தின் பெயரைக் கேலி செய்யும் பெயர் அது. உதவாக்கரைக் காரை அங்கே லெமன் என்பார்கள். இங்கிலாந்தில் ஏழைகளின் காரான ஆஸ்டின் செவனுக்காக 1939இல் தொடங்கப்பட்ட 750 மோட்டார் கிளப் இன்றும் பந்தயம் நடத்துகிறது. லோட்டஸ் கார் நிறுவனத்தைத் தோற்றுவித்த காலின் சாப்மன் தம் முதல் காரை ஒரு பழைய ஆஸ்டின் செவனிலிருந்துதான் உருவாக்கினார். அவ்வளவு தூரம் போவானேன்? கோயம்புத்தூர் கரிவர்தன், மாருதி 800இன் 796 சிசி என்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கியதும் இதே எண்ணத்தில்தான். ஊரெல்லாம் கிடைக்கும் உதிரிபாகம், எந்தப் பட்டறையிலும் பிரித்துச் சேர்க்கக்கூடிய என்ஜின். 2005இல் ஃபார்முலா ஒன்றுக்குப் போன நரேன் கார்த்திகேயன் அந்த ஃபார்முலா மாருதியில்தான் தொடங்கினார். கரிவர்தன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். கோவைத் தடத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறோம்.

2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடந்த இரவுப் பந்தயத்துக்கு நானும் போய்த் தொண்டை வறளக் கத்தியவன். அது வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் விளக்கு வெளிச்சத்தில் ஓடும் காரைக் கைதட்டிப் பார்ப்பதும் சொந்தக் கையால் பூட்டிய காரை ஓட்டிப் பார்ப்பதும் வேறு வேறு. இப்படி ஒரு பிரிவு வந்தால் சாலையில் சாகசம் செய்யும் இளைஞர்கள் திருந்திவிடுவார்கள் என்ற வழக்கமான வாதத்தையும் நான் வைக்கப்போவதில்லை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

எதிர்வாதங்களில் ஒன்று எனக்கு வலுவாகத் தெரிகிறது. பழைய கார்கள் எண்ணெய் கொட்டும், நடுவழியில் நிற்கும்; அவற்றை அப்புறப்படுத்த வெயிலில் கொடி பிடித்து நிற்கும் மார்ஷல்கள்தான் ஓட வேண்டும், அவர்களில் பலர் ஆர்வத்தால் வந்து நிற்பவர்கள். பந்தயம் ஆறு மணி நேரம் நீண்டால் அவர்களுக்குக் கொடுமை. ஆகவே இரண்டு மணி நேரத்தில் தொடங்கலாம், டிசம்பர், ஜனவரியில் வைக்கலாம், பந்தயத்துக்கு முந்தைய பரிசோதனையை இப்போதைவிடக் கடுமையாக்கலாம். பிரேக் ஃப்ளூயிடை எந்தத் தேதியில் மாற்றியது என்று எழுதி வாங்கட்டும். முதல் கையெழுத்தை நானே போடுகிறேன்.

கடைசிச் சுற்றில் எங்கள் இரண்டாம் கியர் போய்விட்டது. கியர்பாக்ஸ் இப்போது பட்டறை மேசையில் திறந்து கிடக்கிறது. பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் இரண்டு ஞாயிறு அலைந்தும் நல்ல எஸ்டீம் கியர்பாக்ஸ் ஒன்று அகப்படவில்லை. யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், அண்ணன் நேரில் வந்து பார்த்து எடுத்துக்கொள்வார்.