கெல்லி கோட்டை ராஜேந்திர சோழன் கட்டியதா? இல்லை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பத்து காஜா ஊர்ப் பக்கம் பாதியில் நிற்கும் பழைய மாளிகைதான் கெல்லி கோட்டை. எங்கள் பத்து காஜா தோட்டப்புறக் குடும்பக் குழுவில் ரெண்டு நாளாக ஒரு புலனச் (வாட்ஸ்அப்) செய்தி: "கெல்லி கோட்டை ராஜேந்திர சோழன் கட்டியது. வெள்ளைக்காரன் பேரை மாற்றிவிட்டான். கோயிலில் மன்னர் சிலையே சாட்சி." மாமா அனுப்பினார், பெரியம்மா கும்பிட்டுவிட்டார்.

கட்டியவர் வில்லியம் கெல்லி ஸ்மித், ஸ்காட்லாந்துக்காரர், ரப்பர் தோட்ட முதலாளி. வேலை தொடங்கியது 1915-ல். 1926-ல் லிஸ்பனில் நிமோனியாவில் அவர் இறந்ததும் வேலை நின்றுபோனது. உள்ளே போனால் லிஃப்டுக்கு விட்ட குழியைப் பார்க்கலாம். சோழனுக்கு லிஃப்ட் எதற்கு?

அந்தச் சிலை விஷயம்தான் சுவையானது. கட்டட வேலை நடக்கும்போது விஷக் காய்ச்சல் பரவி ஆட்கள் செத்தார்கள். "ஆத்தாளுக்குக் கோயில் கட்டுங்க தொரை" என்று நம்மாட்கள் கேட்க, அவரும் கட்டிக்கொடுத்தார். நன்றிக்கு, மாரியம்மன் கோயிலில் சாமி உருவங்களோடு துரையையும் ஒரு சிலையாக வைத்துவிட்டார்கள். கோட்டு போட்ட மன்னர் அவர்தான்.

ஆனால் நமக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. செங்கல் இந்தியாவிலிருந்து வந்தது, கொத்தனார்கள் மதராஸிலிருந்து வந்தார்கள். காரை உதிர்ந்த இடத்தில் அந்தச் சிவப்புக் கல்லைத் தொட்டே பார்க்கலாம்.

ராஜேந்திரன் 1025 வாக்கில் கடாரத்தின் (இன்றைய மலேசியாவின் கெடா) மேல் படையெடுத்தது உண்மை. அந்தக் காலத் தடயம் வேண்டுமென்றால் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போங்கள், மாமா.