ஸ்வீடனைக் காட்டி வாயை அடைக்காதீர்கள்

சமத்துவமான ஸ்வீடனிலேயே ஆண் பெண் குண வித்தியாசம் அதிகம், அதனால் பெண்களுக்குத் தலைமைப் பொறுப்பு ஒத்துவராது என்று ஓர் அண்ணன் ஆய்வைக் காட்டிப் பேசிய நேரலையைப் பற்றி எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். காலையிலிருந்து ஆளாளுக்கு அந்தத் துண்டை அனுப்பி, "பார்த்தீங்களா மேடம், ஸ்வீடன்லயே அப்படித்தானாம்" என்கிறீர்கள்.

பார்த்தேன். அண்ணன் காட்டிய ஆய்வு நிஜம்தான். 2008-இல் டேவிட் ஷ்மிட் குழு 55 நாடுகளில் 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் எடுத்தது. பதற்றம், பரிவு மாதிரியான குணங்களில் ஆண் பெண் வித்தியாசம், வசதியும் சமத்துவமும் கூடிய நாடுகளில்தான் அதிகம் தெரிந்தது. சரி. அதிலிருந்து "பெண்களுக்குத் தலைமைப் பொறுப்பு ஒத்துவராது" என்பதற்கு எந்த பஸ் பிடித்துப் போனார்? சராசரியை வைத்து எதிரில் நிற்கும் ஆளை எடைபோட முடியாது. எத்தனையோ ஆண்கள் எத்தனையோ பெண்களைவிடப் பதற்றக்காரர்கள்.

இன்னொன்று. நாட்டுக்கு நாடு அதிகம் மாறியது ஆண்களின் மதிப்பெண்தான், இடைவெளி கூடியதும் பெரும்பாலும் அதனால்தான் என்று அதே ஆய்வு சொல்கிறது. அந்த வரி மட்டும் அண்ணன் கண்ணில் படவில்லை, பாவம்.

இதெல்லாம் அவரவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட மதிப்பெண். அந்த மாதிரிக் கேள்வித்தாள் ஒன்றை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "அதிகம் கவலைப்படுபவர், 1 முதல் 5 வரை." ராத்திரி எழுந்து எழுந்து கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்க்கிறவள் அலட்டிக்கொள்ளாமல் ஒன்று போடச் சொன்னாள். "நான் எங்கடி கவலைப்படுறேன்? கவலைன்னா உன் பெரியம்மா." பக்கத்திலேயே அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவரோடு தன்னை ஒப்பிட அவளுக்குத் தோன்றவே இல்லை. பெண் பெண்ணோடு மட்டும் ஒப்பிட்டுக்கொள்கிற ஊரில் வித்தியாசம் எப்படித் தாளில் ஏறும்?

"அப்போ உயிரியலே கிடையாதா?" என்று வருவீர்கள். கிடையாது என்று எங்கே சொன்னேன்? "2018-இல் வந்த 76 நாட்டு ஆய்வும், வசதியும் சமத்துவமும் கூடின இடத்துலதான் வித்தியாசம் அதிகம்னு சொல்லுது" என்பீர்கள். சொல்லட்டும். அதுவும் சராசரிதான், சராசரிதான், சராசரிதான். தாய்வழிச் சமூகமான மேகாலயாவின் காசி இன மக்களிடம் ஒரு விளையாட்டு வைத்துப் பார்த்தபோது, ஆண்களைவிடப் பெண்கள்தான் அதிகம் போட்டிக்கு நின்றார்கள். அதை யாரும் எனக்கு ஃபார்வர்ட் செய்ததில்லை.

ஏன் இவ்வளவு கோபம் என்கிறீர்களா? இந்த வருட அப்ரைசலில் என் பெயருக்கு நேரே "உணர்ச்சிவசப்படுகிறார்" என்று எழுதினார்கள். அந்த மீட்டிங்கில் மார்க்கரைச் சுவரில் விட்டெறிந்தது நானில்லை. எறிந்தவருக்கு "துடிப்பானவர்" என்று போட்டு ப்ரமோஷனும் ஆயிற்று. அவருடைய ரிப்போர்ட்டை இப்போது நான்தான் திருத்திக்கொடுக்கிறேன்.