சான்ட்ரோவை விற்கவில்லை, நன்றி

என் பழைய சான்ட்ரோ காருக்கு ஒர்க்‌ஷாப்பில் எழுதிக் கொடுத்த 72,000 ரூபாய் ரிப்பேர் எஸ்டிமேட்டை ஞாயிற்றுக்கிழமை இங்கே படமாகப் போட்டேன், அது இவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைக்கவில்லை. நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. ஸ்டீயரிங் ரேக்கை (ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன்சக்கரங்களைத் திருப்பும் பாகம்) முழுசாக மாற்றத்தான் வேண்டுமா, உள்ளே தேய்ந்ததை மட்டும் மாற்றும் ரிப்பேர் கிட் போட்டால் போதாதா? அதற்குப் பதில் சொன்னவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மற்றவர்கள் எல்லாரும் வண்டியை விற்கச் சொன்னவர்கள். நம் நண்பர் ஒருவர் (யார் என்று உங்களுக்கே தெரியும், அந்தப் பதிவுக்குப் பாதிப் பேர் சிரித்து வைத்திருக்கிறீர்கள்) என் படத்தையே எடுத்துப் போட்டு, "எண்பதாயிரம் ரூபாய் வண்டிக்கு எழுபத்திரண்டாயிரம் வைத்தியம், பிணத்துக்கு ஊசி" என்று எழுதியிருக்கிறார்.

சரி. சிரித்தாகிவிட்டதா? இப்போது கணக்குப் பார்ப்போம்.

வண்டியை விற்றால் எண்பதாயிரம், ரிப்பேருக்கு எழுபத்திரண்டாயிரம், அதனால் நஷ்டம் என்கிறீர்கள். நான் வண்டியை விற்பதாக இருந்தால்தானே அந்த எண்பதாயிரத்துக்கு அர்த்தம்? நான் விற்கவில்லை, ஓட்டுகிறேன். அப்படியானால் எழுபத்திரண்டாயிரத்தை எதோடு வைத்துப் பார்க்க வேண்டும்? இதே வேலையைச் செய்ய இன்னொரு வண்டி வாங்க என்ன ஆகுமோ அதோடு. இதை எத்தனை தடவை சொன்னாலும், "ஆனா ரீசேல் வேல்யூ..." என்று ஆரம்பிக்கிறீர்கள்.

இன்னொரு வண்டிக்கு என்ன ஆகும்? ஆறு லட்சத்துக்குப் புதுசாக ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் ஐந்திலிருந்து பத்து லட்சத்துக்குள் இருக்கும் காருக்கு வாழ்நாள் வரி 13 சதவீதம். ஆறு லட்சத்துக்கு 78,000. நீங்கள் கைகொட்டிச் சிரித்த எஸ்டிமேட்டை வரி ஒன்றே தாண்டிவிட்டது, இன்னும் வண்டியில் சாவியே போடவில்லை. அப்புறம் ஐந்து லட்சம் கடன், ஒன்பது சதவீத வட்டி, ஐந்து வருஷம் என்றால் மாதத் தவணை 10,380 ரூபாய். ஏழு மாதத் தவணை கட்டினால் அந்த எஸ்டிமேட் முடிந்துவிடும். மீதி ஐம்பத்து மூன்று மாதம் யார் கட்டுவது, சிரித்தவர்கள் முறை வைத்துக் கட்டுவீர்களா?

"ரிப்பேர் செலவு வண்டி விலையை நெருங்கினால் வண்டி செத்ததாக அர்த்தம்" என்று ஒருவர் சட்டம் மாதிரி சொன்னார். அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். இன்சூரன்ஸில் ஐடிவி என்று ஒன்று உண்டு, பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பு. விபத்தில் அடிபட்ட வண்டியைச் சரிசெய்ய அந்த ஐடிவியில் 75 சதவீதத்துக்கு மேல் ஆனால் மொத்த நஷ்டம் என்று எழுதிவிடுவார்கள். அது இன்சூரன்ஸ் கம்பெனி தன் பணத்தைக் காப்பாற்றிக்கொள்ள வைத்திருக்கும் கணக்கு. அவர்கள் அந்த வண்டியில் நாளைக்குக் காலையில் ஆபீஸ் போக வேண்டியதில்லை. நான் போக வேண்டும்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அதையும் திரித்துவிடுவீர்கள். அந்த எழுபத்திரண்டாயிரம் நியாயமான தொகை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. அந்த ஒர்க்‌ஷாப்புக்கு நான் போனது இரண்டு குறைகளோடு. ஏசி குளிரவில்லை, மேடு பள்ளத்தில் முன்பக்கம் கடகடவென்று சத்தம். அவர்கள் எழுதிக் கொடுத்தது ஏசி கம்ப்ரசர் புதுசு, ரேக் முழு அசெம்பிளி, முன்பக்கம் இரண்டு ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பர்), கிளட்ச் செட், இன்ஜின் மவுண்ட், அதற்குக் கீழே டீகார்பனைசிங் (இன்ஜினுக்குள் படிந்த கரியை எடுப்பது), இன்டீரியர் கிளீனிங். கிளட்சைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. இன்டீரியரைப் பற்றிப் பேசினால் எனக்குக் கோபம் வரும், போன வாரம்தான் நானே துடைத்தேன்.

எங்கள் பல்லாவரம் மெக்கானிக் தம்பி பார்த்துவிட்டு, "அக்கா, கம்ப்ரசர் நல்லாத்தான் இருக்கு, பைப் ஜாயின்ட்ல கேஸ் லீக். சத்தம் லிங்க் ராடும் லோயர் ஆர்ம் புஷ்ஷும். ரேக்ல லேசா ஆட்டம் இருக்கு, கிட் போட்டுப் பாப்போம்" என்றான். லிங்க் ராடும் புஷ்ஷும் முன்சக்கரப் பக்கம் இருக்கும் சின்னச் சாமான்கள். பெரிய கடைகளில் ஒரு பாகத்தைக் கழற்றி உள்ளே இருக்கும் புஷ்ஷை மட்டும் மாற்றுவதற்கு யாரும் மெனக்கெடுவதில்லை. அசெம்பிளியாகவே மாற்றினால் அவர்களுக்கு வேலை சுலபம், வாரன்டி கொடுக்கவும் வசதி. அதைக்கூட நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் எஸ்டிமேட்டைக் கையில் கொடுத்த அதே நிமிஷம், பக்கத்து மேஜையிலிருந்து ஒரு பையன் எழுந்து வந்து, "மேடம், இதுக்கு செலவு பண்றது வேஸ்ட், எக்ஸ்சேஞ்சுக்கு நாங்களே நாற்பத்தஞ்சு தர்றோம்" என்றானே, அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. பிணத்தை நாற்பத்தைந்தாயிரம் கொடுத்து வாங்குவார்களா? என் பெரியம்மா மகன் கிளட்ச் போன மாருதி ஜென் காரை இப்படித்தான் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பேச்சைக் கேட்டுக் கிடைத்த விலைக்குத் தள்ளினான். அந்த வண்டியை இன்றைக்கும் குரோம்பேட்டை ஏரியாவில் பார்க்கலாம். அதே ஒர்க்‌ஷாப் முதலாளியின் மச்சான் ஓட்டுகிறார். இவன் தவணை கட்டிக்கொண்டிருக்கிறான்.

"ஜிஎஸ்டி குறைஞ்சிருக்கே, இப்பவாவது புதுசு வாங்குங்க" என்று ஒரு தம்பி அக்கறையாக எழுதியிருந்தார். ஆமாம் தம்பி, 2025 செப்டம்பரில் சின்னக் கார்களுக்கு 28-லிருந்து 18 ஆனது. 28-ல் இருந்த ஸ்பேர் பார்ட்ஸும் அதே நாளில் 18 ஆனது. அதற்கு மட்டும் யாரும் முழுப்பக்க விளம்பரம் கொடுக்கவில்லை.

"மூணு லட்சத்துக்கு நல்ல செகண்ட் ஹேண்ட் கிடைக்குமே." கிடைக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் இந்த ஊரில் எத்தனை வண்டிகள் கழுத்தளவு தண்ணீரில் நின்றன என்று பார்த்தவள் நான். அதெல்லாம் காற்றிலா கரைந்தது? கழுவித் துடைத்து, சீட் மாற்றி, யார் தலையிலோ கட்டப்பட்டிருக்கும். என் வண்டியில் எது எப்போது மாற்றியது, டைமிங் பெல்ட் எப்போது போட்டது என்பதற்கு என்னிடம் பில் இருக்கிறது. அந்த மூன்று லட்சம் வண்டிக்கு என்ன இருக்கிறது? "சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி."

பழைய வண்டி புகை கக்கும் என்ற சுற்றுச்சூழல் காவலர்களுக்கு: 2010 மாடல், பதினைந்து வருஷம் முடிந்ததும் எஃப்சி (தகுதிச் சான்று) எடுத்து ஆர்சி புதுப்பித்தாகிவிட்டது. ஒரு காலத்தில் 600 ரூபாயாக இருந்த அந்த ஆர்சி புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000, அதையும் கட்டினேன், பசுமை வரியும் கட்டினேன். புகைச் சான்றிதழ் இருக்கிறது. டெல்லியில் பெட்ரோல் வண்டிக்குப் பதினைந்து வருஷம்தான் என்று இங்கே வந்து பயமுறுத்தாதீர்கள், பல்லாவரம் டெல்லியில் இல்லை. ஒரு புதுக் காரைச் செய்வதற்கு எவ்வளவு இரும்பும் கரியும் மின்சாரமும் ஆகிறது என்று நீங்களும் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) இல்லை என்றார் ஒருவர். இல்லைதான். அதற்கு என்னிடம் பெரிய பதில் கிடையாது, மெதுவாகத்தான் ஓட்டுகிறேன். ஆனால் இதைச் சொன்னவர் புரொஃபைல் படத்தில் ஸ்கூட்டரில் நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவர் தலையிலும் ஹெல்மெட் இல்லை.

பாடி துருப்பிடித்து அடித்தகடு ஓட்டையானால், இன்ஜின் இறக்க வேண்டி வந்தால், அன்றைக்கு நானே கொடுத்துவிடுவேன். யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். "வீட்டுக்காரரை அனுப்புங்க மேடம், லேடீஸ்னா ஏமாத்துவாங்க" என்று சொன்ன ஆறு பேருக்கும் ஒரு தகவல்: என் வீட்டுக்காரர் அந்த எஸ்டிமேட்டைப் பார்த்ததும் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டவர்.

உண்மையைச் சொன்னால் பணம் பற்றிய கிண்டல் எனக்கு வலிக்கவில்லை. எங்கள் ஃப்ளாட் வாட்ஸ்அப் குரூப்பில் போன மாதம் ஒருவர், "பழைய வண்டிகளைப் பின்பக்கம் நிறுத்தினால் முன்பக்கம் பார்வையாக இருக்கும்" என்று போட்டார். பழைய வண்டிகள் என்று பன்மையில் சொன்னாலும் எங்கள் கட்டடத்தில் இருப்பது ஒன்றுதான். இத்தனைக்கும் அது நம்ம இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஃபேக்டரியில் செய்த வண்டி, 1998-ல் சான்ட்ரோ வந்தபோது இதே மாதிரி ஆட்கள்தான் வாசலில் நிறுத்தி மாலை போட்டார்கள். இன்றைக்கு எஸ்யூவி இல்லாதவர்களை ஏதோ தோற்றுப்போனவர்கள் மாதிரி பார்க்கிறீர்கள். கடன் இல்லாமல் இருப்பது உங்களுக்குக் கஞ்சத்தனமாகத் தெரிகிறது.

நண்பரே, உங்களுக்கு நேரடியாகவே கேட்கிறேன். உங்கள் பெண் கல்யாணத்தன்று தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கிய உங்கள் மதுரை உறவுக்காரர்களை மண்டபத்துக்குக் கொண்டுவந்து சேர்த்த வண்டி எது? டிக்கியில் வாழை இலைக் கட்டும், பின்சீட்டில் உங்கள் சித்தப்பாவும் இரண்டு அத்தைகளும். உங்கள் புது வண்டியில் இலைக் கறை படும் என்று அன்றைக்கு நீங்கள்தான் சொன்னீர்கள். அன்றைக்கு அது பிணமாகத் தெரியவில்லையா?

இன்பாக்ஸில் கார் லோன் லிங்க் அனுப்பியவர்களை நட்புப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். வண்டி மெக்கானிக் தம்பியிடம்தான் நிற்கிறது, செலவு பதினைந்தாயிரத்துக்குள் முடியும் என்கிறான், கூட ஒரு ஐந்து ஆனாலும் கொடுப்பேன். சனிக்கிழமை பழைய வண்டிச் சாமான் கடைகள் இருக்கும் புதுப்பேட்டை போகிறேன், வலது பக்கக் கதவுக் கண்ணாடி ஏற்றும் மெஷின் ஒன்று தேட வேண்டும். சான்ட்ரோ சாமான் நம்பி வாங்கக்கூடிய கடை தெரிந்தவர்கள் மட்டும் கமெண்டில் சொல்லுங்கள்.