ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்தால் அங்கேதான் பிரசவமா?

"ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்தால் பிரசவமும் அங்கேதான் பார்க்க வேண்டும், அதனால் தனியாரில் பார்ப்பவர்கள் பதியாதீர்கள்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். இது தவறு. முதல் கர்ப்பத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து இதை நம்பிப் பதிவைத் தள்ளிப் போடாதீர்கள்.

தமிழ்நாட்டில் பிக்மி பதிவு, அதாவது கர்ப்பத்தை அரசின் இணையதளத்தில் பதிவது, எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் உரியது. அதில் கிடைக்கும் ஆர்சிஎச் எண் என்ற அடையாள எண்ணைத்தான் பிறப்புச் சான்றிதழுக்குக் கேட்பார்கள், குழந்தை தனியார் மருத்துவமனையில் பிறந்தாலும் சரி. எங்கே பிரசவம் என்பது உங்கள் முடிவு. கிராம சுகாதார செவிலியரிடம் 12 வாரத்துக்குள் சொல்லிவிட்டால், அரசு பணமாகத் தரும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்குத் தகுதி இருப்பவர்களுக்கும் அது வசதி.

இன்னொன்று. "அரசு மருத்துவமனை" என்று எல்லாவற்றையும் ஒன்றாகப் பேசுவதால்தான் பாதிக் குழப்பம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகப்பிரசவம் பார்ப்பார்கள். சிக்கல் வந்தால் மேலே அனுப்புவார்கள். சீமாங்க் மையம் (அவசர மகப்பேறு, பச்சிளம் குழந்தை சிகிச்சை மையம்) உள்ள மாவட்டத் தலைமை மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் 24 மணி நேரமும் சிசேரியனும் ரத்தமும் உண்டு. எத்தனையோ சிறிய தனியார் நர்சிங் ஹோம்களில் மயக்க மருந்து மருத்துவரை வெளியிலிருந்துதான் வரவழைக்கிறார்கள். அதனால் எங்கே போனாலும், நள்ளிரவில் அவசரம் என்றால் அறுவை சிகிச்சை செய்ய யார் இருப்பார்கள், ரத்தம் எங்கிருந்து வரும், பச்சிளம் குழந்தைக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா என்று கேளுங்கள். ரத்த அழுத்தமோ சர்க்கரையோ ரத்தசோகையோ இருந்தால் இதை ஏழாம் மாதத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.