'ட்விஸ்ட்' மரபணு செல்களை மடிக்கிறதா?

"பழ ஈயின் கருவில் 'ட்விஸ்ட்' என்ற ஒரே மரபணுதான் செல்களை இழுத்து மடித்து உருவம் கொடுக்கிறது" என்று ஒரு பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. மரபணு இருப்பது சரி, மற்றது தவறு.

ட்விஸ்ட் எதையும் இழுப்பதில்லை. அதன் புரதமும் 'ஸ்னெயில்' மரபணுவின் புரதமும் வேறு மரபணுக்களை இயக்கவோ அடக்கவோ மட்டுமே செய்யும். ட்விஸ்ட் இயக்குபவற்றில் ஒன்று 'ஃபாக்'. ஃபாக் புரதம் செல்லுக்கு வெளியே சுரந்து சமிக்ஞை தர, உள்ளே மயோசின் திரள்கிறது. நம் தசையைச் சுருக்குகிறதே, அதே குடும்பத்துப் புரதம். இழுவை வேலை அதனுடையது.

முட்டையிட்டுச் சுமார் 3 மணி நேரத்தில் வயிற்றுப்பக்கச் செல்களின் வெளிமுனை சுருங்கி, ஒவ்வொன்றும் ஆப்பு வடிவம் ஆகிறது. ஒரே மூச்சில் அல்ல: சுருங்கும், சற்று நிற்கும், மறுபடி சுருங்கும். இதை 2009-இல் காட்டியது, 1995-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட எரிக் வீஷாஸின் குழு. துடிப்பு தொடங்க ஸ்னெயில் வேண்டும். சுருங்கியது திரும்ப விரியாமல் பிடித்துவைக்க ட்விஸ்ட் வேண்டும். அப்புறம் அந்தப் பட்டையே பள்ளமாகி உள்ளே இறங்குகிறது. ஈயின் தசைகள் பின்னால் உருவாவது இந்தச் செல்களிலிருந்துதான்.